உள்ளறையில் மட்டும் வரும் கோளாறு

அஜய்குமார் அண்ணனால் உள்ளே போக முடியாத வீடு என்பதால் என்னையும் சேர்த்து அனுப்பினார்கள்.

நான் கம்பத்தில் ஒரு கம்ப்யூட்டர் கடையில் வேலைக்கு இருந்தேன். பி.எஸ்ஸி. இயற்பியல் முடித்து எட்டு மாதம் ஆகியிருந்தது. பழுது பார்ப்பது அஜய் அண்ணன். ரசீது எழுதுவதும், சாமான் எப்போது கிடைக்கும் என்று கேட்டு வருகிறவர்களுக்கு இன்னும் ஆகவில்லை என்று சொல்வதும் என் வேலை. இரண்டாவதை நான் ஒழுங்காகச் செய்ததில்லை. ஆள் கூடினால் எனக்குக் குரல் வெளியே வராது. முதலாளி சுந்தர்ராஜ் சார் என்னைப் பார்த்து, "எப்சிபா, நீ உள்ள போயி அவன் சொல்றதச் செய், போதும்" என்றார்.

வீடு உத்தமபாளையத்தில், ஏலக்காய் வியாபாரம் செய்கிற குடும்பம். 2004 ஜூலை. மேற்கே மலை தெரியாதபடி மூடியிருந்தது. சாரல் நிற்கவும் இல்லை, மழையாகவும் இல்லை. முன்ஹாலில் பாய் விரித்து, ஆறு பெண்கள் காய் பொறுக்கிக்கொண்டிருந்தார்கள். பருங்காய் ஒரு பக்கம், சிறுங்காய் ஒரு பக்கம், வெடித்தது, வெளுத்தது தனியாக. முறத்தை ஒரு தட்டுத் தட்டினால் காம்பும் தூசியும் மடியில் விழும். பொறுக்கின காய் நிறம் போகாமல் இருக்க, கறுப்புப் பிளாஸ்டிக் உறை போட்ட சாக்கில் உடனே கட்டிவிடுவார்கள். அந்த வீட்டில் தந்த டீயில் இஞ்சி மட்டும்தான் இருந்தது.

ஹாலுக்கும் உள்ளறைக்கும் நடுவில் ஒரு பச்சைத் திரை. திரைக்கு அந்தப் பக்கம் ரெஹானா அக்கா இத்தா இருந்தார். அவர் கணவர் ரபீக் ஏப்ரலில் குமுளி மலைப்பாதையில் ஜீப் உருண்டு இறந்துபோனார். நான்கு மாதம் பத்து நாள் அவர் வீட்டை விட்டு வெளியே வரக்கூடாது, அந்நிய ஆண்கள் கண்ணில் படக்கூடாது. கணவரின் தம்பி நவாஸ்கூட அந்தக் கணக்கில் அந்நியர்தான். திரைக்கு வெளியே நின்று பேசலாம். கம்ப்யூட்டர் உள்ளறையில் இருந்தது.

அதில் அவர் செய்த வேலை எனக்குப் புதிது. அமெரிக்காவில் டாக்டர்கள் நோயாளியைப் பார்த்துவிட்டுக் குறிப்பைப் பேசிப் பதிவு செய்வார்களாம். அதை இங்கே கேட்டு ஒரு சொல் விடாமல் டைப் அடிக்க வேண்டும். மதுரைக் கம்பெனி ஒன்று வாரத்துக்கு ஒரு சி.டி. பஸ்ஸில் கொடுத்துவிடும். அடித்ததை இவர் சி.டி.யில் போட்டுத் திருப்பி அனுப்புவார். ரபீக் இருக்கும்போதே இரண்டு வருடமாக நடந்த வேலை. ஜூன் மாதம் கம்பெனி ஒரு கடிதம் போட்டது. இனி திருட்டு விண்டோஸில் யாரும் வேலை செய்யக்கூடாது, எல்லாரும் இலவசமாகக் கிடைக்கிற லினக்ஸ் போட வேண்டும், அதில் போட்டுக் கேட்டு ஒரு மாதிரிப் பதிவை அடித்து அனுப்புகிறவர்களுக்குத்தான் மேற்கொண்டு வேலை என்று. லினக்ஸ் சி.டி.யும் கூடவே வந்தது. அஜய் அண்ணன் அந்தக் கம்ப்யூட்டரைக் கடைக்கு வரவழைத்துப் போட்டுக் கொடுத்தார். கடையில் நன்றாக ஓடியது. வீட்டுக்குப் போனதும் சவுண்டு கார்டு வேலை செய்யவில்லை.

வேலை செய்யவில்லை என்பதும் சரியில்லை. பதிவை ஓடவிட்டால் டாக்டர் பேச ஆரம்பிப்பார். "த பேசண்ட் இஸ்" என்பார். மறுபடி "த பேசண்ட் இஸ்" என்பார். அதற்கு மேல் போகமாட்டார். நிறுத்துகிற வரை அதையே சொல்லிக்கொண்டிருப்பார்.

முதல் நாள் அஜய் அண்ணன் ஹாலில் ஒரு சாக்கின் மேல் உட்கார்ந்துகொண்டு, என்ன அடிக்க வேண்டும் என்று எழுத்து எழுத்தாகக் கத்திச் சொன்னார். நான் மானிட்டரில் வருவதைப் படித்துச் சொல்ல வேண்டும். நான் சொன்னது அவர் காதுக்குப் போகவில்லை. காய் பொறுக்குகிற சந்தனம்மாள் நடுவில் உட்கார்ந்து, என்னிடம் கேட்டு அவரிடம் சொன்னாள். அவள் சொன்னதில் பாதி வேறாக இருந்தது. பிறகு ரெஹானா அக்காவே கீபோர்டை வாங்கிக்கொண்டார். அண்ணன் சொல்லி முடிப்பதற்குள் அடித்து முடித்திருந்தார். பார்க்காமல் அடித்தார். கண் மானிட்டரிலேயே இருந்தது. வெள்ளைச் சேலை, வளையல் இல்லாத கை. அந்தக் கைக்கு அந்த வேகம் இருக்கும் என்று நான் நினைக்கவில்லை.

மூன்று மணி நேரம் ஆயிற்று. டாக்டர் நகரவில்லை. ஹாலில் பெண்கள் முறத்தைத் தட்டிக்கொண்டே "பேசண்டிசு, பேசண்டிசு" என்று சொல்ல ஆரம்பித்துவிட்டார்கள். ரெஹானா அக்காவின் மாமியார் ஜெய்த்தூன் பீவி திரையை விலக்கிக்கொண்டு வந்து என் தோளுக்கு மேல் எட்டிப் பார்த்தார்.

"ஏத்தா, அந்த டாக்டரு நோயாளிய இன்னும் பாக்கவே இல்லையா? வாசல்லயே நிக்கிறாரா?"

ரெஹானா அக்கா சிரித்தார். சிரித்ததும் திரைப் பக்கம் பார்த்து வாயை மூடிக்கொண்டார்.

நவாஸ் அன்று வந்தபோது அஜய் அண்ணனுக்கு எதிரே நின்றே பேசினார். இத்தா முடிந்ததும் மதினியை ஜெயமங்கலத்துக்கு, அவர் அண்ணன் வீட்டுக்கு அனுப்புவதாகப் பேச்சு இருக்கிறது, அதற்குள் இதற்கு எதற்கு இவ்வளவு மெனக்கெட வேண்டும் என்றார். போதாததற்கு, இத்தா இருக்கிற பொம்பளை ராத்திரி பகலாக அந்நிய ஆம்பிளைக் குரலைக் கேட்டுக்கொண்டிருக்கலாமா என்றும் கேட்டார். ஜெய்த்தூன் பீவி உள்ளேயிருந்தே பதில் சொன்னார்.

"ரேடியோல சேதி வாசிக்கிறது யாருடா? அதையும் அமத்திரு."

நவாஸ் சட்டைப் பையிலிருந்து ஒரு தாளை எடுத்தார். பதினைந்து சாக்குக்குச் சீட்டு வேண்டும் என்று மட்டும் சொன்னார். ரெஹானா அக்கா டாக்டரை நிறுத்திவிட்டு, லாட்டு நம்பரும் எடையும் திரைக்கு வெளியேயிருந்து அவர் சொல்லச் சொல்ல அடித்தார். மேசையில் கம்ப்யூட்டருக்குப் பக்கத்தில் இருந்த பிரிண்டர் கரகரவென்று சீட்டுகளை விட்டது. ஜெய்த்தூன் பீவி கிழித்து வெளியே கொடுத்தார். அந்தப் பிரிண்டரை நவாஸ் மே மாதம் வாங்கி உள்ளே வைத்திருக்கிறார். அச்சடித்த சீட்டு ஒட்டினால் போடி ஏலத்தில் சரக்குக்கு மதிப்பு என்று சொன்னாராம். ஒரு நாளைக்கு நாலு தடவையாவது திரைக்கு வெளியே வந்து நின்று, "மதினி, சீட்டு" என்பார். லினக்ஸிலும் அந்தப் பிரிண்டர் ஒரு குறையும் இல்லாமல் ஓடியது.

அவர் போனதும் ரெஹானா அக்கா என்னிடம் மெதுவாகப் பேசினார். பக்கத்தில் இருந்ததால் கேட்டது.

"இந்த வேலை இருந்தா நான் இங்கனயே இருந்துக்கிருவேன்னு மாமிகிட்டச் சொல்லியிருக்கேன். அவுகளும் சரின்னாக. எம் மக ஷாஜியா அஞ்சாவது படிக்கா, பள்ளிக்கூடமும் இங்கனதான். வேலை போச்சுன்னா எடுத்துப் பேசுறதுக்கு எங்கிட்ட ஒண்ணுமில்லம்மா. அவுக சொல்ற பக்கம் போகணும்."

மாதிரிப் பதிவை எப்போது அனுப்ப வேண்டும் என்று கேட்டேன். அடுத்த சனிக்கிழமை, காலை முதல் பஸ்ஸில் என்றார்.

புதன்கிழமை மறுபடி போனோம். அஜய் அண்ணன் இந்த முறை, கம்ப்யூட்டர் பெட்டியை ஹாலுக்குக் கொண்டுவாருங்கள், நானே கையால் பார்க்கிறேன் என்றார். நானும் ஜெய்த்தூன் பீவியும் ஆளுக்கொரு பக்கம் பிடித்துப் பெட்டியை மட்டும் தூக்கிவந்தோம். மானிட்டர், கீபோர்டு, ஸ்பீக்கர் எல்லாம் அண்ணன் கடையிலிருந்து கொண்டுவந்திருந்தார். அவர் கார்டைக் கழற்றினார். நீளமான பழைய கார்டு, ரபீக் மதுரையில் செகண்ட் ஹேண்டாக வாங்கிய பெட்டியோடு வந்தது. கால்களை ரப்பரால் தேய்த்துவிட்டு மாட்டினார். கம்ப்யூட்டரைப் போட்டார். பதிவை ஓடவிட்டார்.

டாக்டர் பேசினார். நிற்காமல் பேசினார். பெண்கள் கையை நிறுத்திவிட்டுக் கேட்டார்கள்.

உள்ளே கொண்டுபோய் மாட்டினோம். த பேசண்ட் இஸ், த பேசண்ட் இஸ்.

மறுபடி ஹாலுக்கு. பேசியது. மறுபடி உள்ளே. பேசவில்லை. அன்றைக்கு மூன்று தடவை தூக்கினோம். மூன்றாம் தடவை சந்தனம்மாளும் வந்து ஒரு கை பிடித்தாள். மலையாளத்து எஸ்டேட்டில் பத்து வருடம் வேலை பார்த்தவள், போதும் என்பதற்கு மதி என்பாள். பெட்டியை இறக்கியதும் இடுப்பைப் பிடித்துக்கொண்டு, "மதி, மதி. இதுக்குக் காய்ச் சாக்கே தேவல" என்றாள்.

அஜய் அண்ணன் தன் ஸ்பீக்கரை உள்ளே கொடுத்தார். இல்லை. உள்ளறைப் பிளக்கில் எர்த் இல்லையோ என்று ஹாலிலிருந்து ஒயர் இழுத்துக் கொடுத்தார். இல்லை. சாரல் ஈரம் என்றார். ஹாலிலும் அதே ஈரம்தான். ஜெய்த்தூன் பீவி சாம்பிராணிச் சட்டியைக் கொண்டுவந்து உள்ளறையை ஒரு சுற்றுச் சுற்றினார். அந்தப் புகையில் நான் இருமினேன். மத்தியானம் அந்த வீட்டிலேயே சாப்பிடச் சொன்னார்கள். சோறும் கத்தரிக்காய் போட்ட கருவாட்டுக் குழம்பும். நன்றாக இருந்தது என்று சொல்லக்கூட எனக்கு மனம் வரவில்லை.

நான்கு மணிக்கு அஜய் அண்ணன் ஸ்க்ரூ டிரைவரைப் பைக்குள் எறிந்தார்.

"எப்சி, அந்த ரூமுக்குள்ள அப்படி என்னதான் இருக்கு? ஒண்ணு விடாமச் சொல்லு."

கட்டில், பீரோ, தையல் மிஷின், டியூப்லைட், மேசை, பிரிண்டர் என்று சொன்னேன்.

"பிரிண்டரு ஓடுதுல்ல?"

"ஓடுதுண்ணே."

"அப்ப அத விடு. டியூப்லைட்ட அமத்திட்டுப் பாரு."

அமர்த்திவிட்டும் பார்த்தோம். இருட்டில் டாக்டர் அதையே சொன்னார். பஸ்ஸில் திரும்பும்போது அண்ணன் ஒரு தாளில் எனக்கு எழுதிக்காட்டினார். ஒவ்வொரு கார்டுக்கும் ஓர் எண் உண்டு. கார்டு தன் வேலை ஒரு துண்டு முடிந்ததும் அந்த எண்ணில் கம்ப்யூட்டரின் மூளையைக் கூப்பிட்டு, அடுத்ததைக் கொடு என்று கேட்கும். கூப்பிட்டது மூளைக்குக் கேட்கவில்லை என்றால், கையில் இருக்கிற துண்டையே திரும்பத் திரும்ப வாசிக்கும். டாக்டர் அதனால்தான் அதே மூன்று சொல்லில் நிற்கிறார். ஐந்தாம் எண் மோடத்துக்குப் போய்விட்டது, அதனால் சவுண்டு கார்டுக்கு ஏழாம் எண்ணைக் கொடுத்திருக்கிறேன், ஹாலில் கேட்கிற ஏழு உள்ளே ஏன் கேட்கமாட்டேன் என்கிறது என்றுதான் தெரியவில்லை என்றார். தாளின் ஓரத்தில் ஒன்றிலிருந்து பதினைந்து வரை எழுதி, எது எதற்கு என்று குறித்திருந்தார். ஒன்பதுக்கும் பத்துக்கும் நேரே ஒன்றும் இல்லை. அந்தத் தாளை என்னிடமே கொடுத்துவிட்டுத் தூங்கிவிட்டார்.

வெள்ளிக்கிழமை அண்ணனுக்குத் தேனியில் வேறு வேலை. சுந்தர்ராஜ் சார் என்னை மட்டும் போகச் சொன்னார். முடியாவிட்டால் முடியாது என்று சொல்லிவிட்டு வந்துவிடு என்றார். அதைச் சொல்வதுதான் எனக்கு எல்லாவற்றையும்விடக் கஷ்டம்.

ஹாலில் வைத்துப் பார்த்த மானிட்டர், கீபோர்டு, ஸ்பீக்கர், ஒயர் அத்தனையையும் ஒரு அட்டைப்பெட்டியில் கட்டி பஸ்ஸில் கொண்டுபோனேன். கண்டக்டர் லக்கேஜ் போட்டார். ரெஹானா அக்கா முகம் கழுவியும் தூங்காத முகமாகவே இருந்தது. மாதிரிப் பதிவுக்கான தாள் ஒன்றை முன்னால் வைத்திருந்தார். ஆங்கிலத்தில் "த பேசண்ட் இஸ்" என்று மட்டும் கையால் எழுதியிருந்தது.

ஒரு நோட்டில் இரண்டு பத்தி போட்டேன். ஹாலில் இருந்தவை, அறையில் இருந்தவை. கல்லூரி ஆய்வகத்தில் செய்கிற மாதிரி, ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றினேன். மானிட்டரை மாற்றி, கம்ப்யூட்டரை அணைத்துப் போட்டேன். ஒவ்வொரு தடவையும் அது எழுந்து வர நான்கு நிமிடம். த பேசண்ட் இஸ். கீபோர்டு. த பேசண்ட் இஸ். ஸ்பீக்கர், ஒயர். நடுவில் ஒரு தடவை கரண்ட் போய் முக்கால் மணி நேரம் சும்மா உட்கார்ந்திருந்தோம். ரெஹானா அக்கா என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் தேவலை என்று இருந்தது.

ஒரு மணிக்கு மேல், ஹாலில் இருந்தவை எல்லாம் உள்ளே வந்துவிட்டன. கோளாறு அப்படியே இருந்தது. நோட்டைப் பார்த்தேன். கம்ப்யூட்டரோடு மாட்டியவற்றில், அறையில் உண்டு, ஹாலில் இல்லை என்று ஒன்றுதான் பாக்கி. பெட்டியை மூன்று தடவை தூக்கினோம், மூன்று தடவையும் பிரிண்டரை மேசையிலேயே விட்டுவிட்டோம். பெண்கள் இரண்டு பேர் தூக்குகிற சுமையில் அதையும் யார் சேர்ப்பார்கள். அஜய் அண்ணன் உள்ளே வந்து செய்திருந்தால் பெட்டியை வெளியே தூக்கியே இருக்கமாட்டோம்.

பின்னால் கைவிட்டுப் பிரிண்டர் ஒயரைக் கழற்றினேன். கம்ப்யூட்டரைப் போட்டேன். எழுந்து வரும்போது மானிட்டரில் ஒரு நீலத்திரை வந்தது. பிரிண்டரைக் காணவில்லை, அதன் கணக்கை நீக்கிவிடவா என்று கேட்டது. ஹாலில் ஒவ்வொரு தடவையும் இது வந்திருக்க வேண்டும். அண்ணன் வேறு எங்கோ பார்த்துக்கொண்டு என்டரைத் தட்டியிருப்பார். நான் படித்துவிட்டுத் தட்டினேன்.

டாக்டர் பேசினார். ரெஹானா அக்கா எழுந்து நின்றுவிட்டார்.

நிச்சயப்படுத்த வேண்டும் என்று ஒயரை மறுபடி மாட்டி, அணைத்துப் போட்டேன். நின்றது. கழற்றிப் போட்டேன். பேசியது. பிரிண்டரும் அந்த ஏழிலேயே கூப்பிட்டுக்கொண்டிருந்திருக்கிறது. அது மாட்டியிருந்தால் அந்த எண்ணை அது எடுத்துக்கொள்கிறது, சவுண்டு கார்டு கூப்பிட்டது கேட்காமல் போகிறது. அக்காவுக்கு இதைச் சொன்னேன். அவர் பிரிண்டரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இதுவாம்மா? இத்தன நாளும் இதுவா?"

அந்த நேரத்தில்தான் நவாஸ் ஜும்ஆ தொழுதுவிட்டு வந்தார். நாளைக்குப் போடிக்கு நாற்பது சாக்கு போகிறது, நாற்பது சீட்டு வேண்டும் என்று திரைக்கு வெளியே நின்றார். ஜெய்த்தூன் பீவி வெளியே போய் விஷயத்தைச் சொன்னார். காய் விழுகிற சத்தம் மட்டும் கேட்டது.

"அப்ப சீட்டு?" என்றார் நவாஸ்.

"இது இருந்தா அது ஓடாது தம்பி" என்றார் ரெஹானா அக்கா. குரல் தணிந்துதான் இருந்தது. "நாளைக்குக் காலையில நான் சி.டி. அனுப்பணும்."

"நாளைக்கு மட்டும் கழட்டி வச்சிட்டு, பெறகு மாட்டிக்கிரலாம்ல?"

"பெறகும் எனக்கு வேலை வரும்."

"மதினி, இங்கன ஏலத்துக்குச் சரக்கு நிக்கிது. இது வீட்டு வியாபாரம்."

ரெஹானா அக்கா திரையின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றார். நவாஸ் குரலை என் பக்கம் திருப்பினார்.

"ஏம்மா, கடைக்காரப் புள்ள. ரெண்டும் ஒண்ணா ஓட வழியே கெடையாதா?"

ஹாலில் கைகள் நின்றுவிட்டன. ஆறு பெண்களும் திரையைப் பார்த்திருப்பார்கள். அண்ணன் தந்த தாள் இருந்த நோட்டை மூடினேன்.

"இல்ல" என்றேன்.

எல்லாருக்கும் கேட்டது. எனக்கே அது வேறு யாரோ சொன்ன மாதிரி இருந்தது.

ஜெய்த்தூன் பீவி உள்ளே வந்தார். யாரையும் உதவிக்குக் கூப்பிடவில்லை. பிரிண்டரை மேசையிலிருந்து தூக்கி, வயிற்றில் சாய்த்துக்கொண்டு, திரையைத் தோளால் தள்ளி வெளியே போனார். அதை ஒரு காய்ச் சாக்கின் மேல் வைக்கிற சத்தம் கேட்டது.

"ஒங்கண்ணன் மையிலதான் எழுதுனான். காய் ஏலம் போகாமயா கெடந்துச்சு? அந்த மைப்பேனாவ எடு. உக்காரு. நாப்பது சீட்டுதான்."

நவாஸ் ஏதோ முணுமுணுத்தார். கொஞ்ச நேரத்தில், சந்தனம்மாளிடம் லாட்டு நம்பரைக் கேட்பது கேட்டது. அவள் சொன்னாள். இந்தத் தடவை தப்பாகச் சொன்னாளா என்று தெரியாது.

ரெஹானா அக்கா உட்கார்ந்தார். முக்காட்டைச் சரிசெய்துகொண்டு பதிவை முதலிலிருந்து ஓடவிட்டார். டாக்டர் அந்த மூன்று சொல்லையும் சொல்லி, தாண்டிப் போனார். அக்காவின் விரல் அவர் பின்னாலேயே ஓடியது. ஐம்பத்திரண்டு வயது, நெஞ்சுவலி, எட்டு நாள் ஆஸ்பத்திரி என்று எனக்குக் கொஞ்சம் புரிந்தது. பத்து நிமிடப் பதிவு. ஓரிடத்தில் நிறுத்தி, பின்னால் போய், மறுபடி கேட்டார். அது அவராக நிறுத்தியது.

அட்டைப்பெட்டியைக் கட்டிக்கொண்டு நான் கிளம்பும்போது சந்தனம்மாள் திரையைப் பார்த்து, "ஏம்மா, கடைசியில அந்த ஆளுக்கு என்னதான் ஆச்சாம்?" என்று கேட்டாள்.

டைப் அடிக்கிற சத்தம் நின்றது.

"பொழச்சுக்கிட்டாரு" என்றார் ரெஹானா அக்கா உள்ளேயிருந்து. "வீட்டுக்கு அனுப்பிட்டாக."

ஜெய்த்தூன் பீவி முறத்திலிருந்து வெளுத்த காய் ஒன்றை எடுத்து, வைக்க இடம் தெரியாததுபோலக் கையிலேயே வைத்திருந்தார். பிறகு சத்தம் மறுபடி ஆரம்பித்தது.

சனிக்கிழமை கடையில் நடந்ததை அஜய் அண்ணனிடம் சொன்னேன். அவர் தலையில் அடித்துக்கொண்டார். அந்த நீலத்திரையைத் தட்டித் தட்டி விட்டது நான்தான் என்றார். கொஞ்ச நேரம் கழித்து ஒரு மதர்போர்டில் குனிந்தபடியே கேட்டார்.

"சவுண்டு கார்ட பத்துக்கு மாத்தியிருந்தா ரெண்டும் ஓடியிருக்குமே எப்சி. தாள்லயே காலியா இருந்துச்சே, பாக்கலையா?"

"பாத்தேண்ணே" என்றேன்.

அவர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். நான் ரசீதுப் புத்தகத்தை எடுத்து, உத்தமபாளையம் வேலை முடிந்தது என்று எழுதினேன்.